முழு நேரமா, பகுதி நேரமா?

சென்ற ஆடி மாதம் ஜெயங்கொண்டம் பகுதியில் நெசவாளர் சங்கம் ஒன்றின் அலுவலகத்தில் அமர்ந்திருந்தபோது, முதிய அங்கத்தினர் ஒருவர் தம் மகனை அழைத்துக்கொண்டு வந்தார். மகனுக்கு இருபத்தாறு வயதிருக்கலாம். அவரும் அச்சங்கத்தின் அங்கத்தினரே. “ஐயா, பங்குத் தொகையைத் திரும்ப வாங்க மனு எழுத வேண்டும் என்று நிற்கிறான். டெலிவரி வண்டி ஓட்டப் போகிறானாம். தறி வேண்டாமாம். நீங்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கள்” என்றார் தந்தை. மகன் மரியாதையாகவே பேசினார். “வாரம் 4,200 ரூபாய் கைக்கு வருகிறது ஐயா. சனிக்கிழமை வேலை முடிந்தால் திங்கட்கிழமை பணம் வங்கிக் கணக்கில் இருக்கிறது. இங்கே பாவு ஏற்றி, சேலை அறுத்து, சங்கத்தில் கொடுத்து, கூலி வாங்குவதற்குள் கடைக்காரர் இரண்டு முறை வீட்டுக்கு வந்து போய்விடுகிறார்” என்றார்.

அவர் சொன்னதில் பொய் இல்லை. நூல் தாமதம், கூலித் தாமதம், தேங்கிய சரக்கு இவற்றை நாள்தோறும் ஏடுகளில் பார்க்கும் நான் அதை மறுத்தால் என் மனச்சாட்சியே என்னை மன்னிக்காது. ஆகவே “தறியை விடாதே” என்று உபதேசம் செய்ய எனக்கு வாய் எழவில்லை. “மனுவை ஆறு மாதம் கழித்து எழுதலாமே, அதுவரை ஒரு நோட்டுப் புத்தகத்தில் கணக்கு எழுதி வாருங்கள்” என்று மட்டும் சொன்னேன்.

அடுத்த மாதமே செட்டிகுளம் பக்கத்து வெங்காய விவசாயி ஒருவர் இதே கேள்வியை வேறு விதமாகக் கேட்டார். இரண்டு ஏக்கர் வைத்திருக்கிறார். கிணற்றில் தண்ணீர் போதாது. பெரம்பலூரிலிருந்து பார்சல் எடுத்துச் சென்று கிராமங்களில் கொடுக்கும் வேலை கிடைக்கிறது. “நிலத்தை ஒத்திக்கு விட்டுவிட்டு முழு நேரமாகப் போகட்டுமா? அல்லது காலையில் வயல், பிற்பகலில் வண்டி என்று வைத்துக்கொள்ளட்டுமா?” இவ்விருவர் கேள்வியும் இன்று நம் இரு மாவட்டங்களிலும் பல வீடுகளின் கேள்வி. சங்கக் கூட்டங்களில் யாரும் இதை எழுப்புவதில்லை. ஏதோ அவமானம் போல ஒளித்து வைத்துப் பேசுகிறார்கள். அவமானம் ஒன்றும் இல்லை. வெளிச்சத்தில் வைத்துக் கணக்குப் பார்ப்போம்.

முதலில் வேலை இரண்டு வகை என்பதைப் பிரித்தறிய வேண்டும். ஒன்று, ஒரு நிறுவனமோ ஒரு மொத்த வியாபாரியோ மாதச் சம்பளத்துக்கு ஓட்டுநராக அமர்த்துவது. வண்டி அவர்களுடையது, பெட்ரோல், டீசல் அவர்களுடையது. வருகைப் பதிவேடு உண்டு. வருங்கால வைப்பு நிதியும் தொழிலாளர் அரசுக் காப்பீடும் பிடித்தம் செய்தால், அது முழு நேர வேலை என்ற பெயருக்கு உரியது. இரண்டாவது, பார்சலுக்கு இவ்வளவு, சாப்பாட்டுப் பொட்டலத்துக்கு இவ்வளவு என்று எண்ணிக் கொடுப்பது. வண்டி நம்முடையது, எண்ணெய் நம்முடையது, கைபேசி நம்முடையது, விழுந்தால் முட்டியும் நம்முடையது. இதில் பன்னிரண்டு மணி நேரம் ஓடினாலும் சட்டப்படி அது ‘முழு நேரப் பணி’ ஆகிவிடாது. மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961-லேயே நாளைக்கு எட்டு மணி, வாரத்துக்கு நாற்பத்தெட்டு மணி என்று வரம்பு கட்டியது. ஆனால் தொழிலாளி என்று ஏடுகளில் பெயர் இல்லாதவனுக்கு அந்த வரம்பு எட்டவில்லை. எனவே “முழு நேரமாகச் சேர்ந்துவிட்டேன்” என்று ஒருவர் சொன்னால், மாதச் சம்பளத்துக்குச் சேர்ந்தாரா, நாள் முழுவதும் ஓடுவதாகச் சொல்கிறாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். முன்னதற்கு வாய்ப்புக் கிடைத்து, பிடித்தம் உண்டென்று நியமன உத்தரவில் எழுதியிருந்தால், அதை எடுத்துக்கொள்வதில் நான் குறை காணமாட்டேன். இக்கட்டுரை பின்னதைப் பற்றியே.

இனி, இளைஞரின் 4,200 ரூபாயைப் பிரித்துப் பார்ப்போம். ஆறு நாள் வேலை. நாளொன்றுக்கு 700 ரூபாய். பார்சலுக்கு 14 ரூபாய் வீதம் 50 பார்சல் என்று வைத்துக்கொள்வோம். கிராம வழித்தடம் சுற்றி வர 90 கிலோமீட்டர். லிட்டருக்கு 45 கிலோமீட்டர் கொடுக்கும் வண்டியானால் இரண்டு லிட்டர் பெட்ரோல். ஏறத்தாழ 205 ரூபாய். இதை எல்லோரும் கழிக்கிறார்கள். யாரும் கழிக்காதது வண்டியின் தேய்மானம். 90,000 ரூபாய்க்கு வாங்கிய வண்டி, மாதம் 26 நாள் வீதம் ஓடினால் வருஷத்துக்கு 28,000 கிலோமீட்டர் தாண்டுகிறது. மூன்று வருஷத்தில் 84,000. அப்போது அதை விற்றால் 25,000 ரூபாய் கிடைப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மறைந்து போன 65,000 ரூபாயை ஓடிய தூரத்தால் வகுத்தால் கிலோமீட்டருக்கு 77 பைசா. நாளைக்கு 70 ரூபாய். டயர், செயின், ஆயில், பிரேக் இவற்றுக்கு 40; கைபேசிக்கு 10. ஆக 325 ரூபாய் போக மிஞ்சுவது 375. வாரத்துக்கு 4,200 என்பது உண்மையில் 2,250. எஞ்சியது கூலியே அன்று. நம் வண்டியை நாமே சிறிது சிறிதாக விற்று வாங்கிக்கொண்ட பணமும், பெட்ரோல் பங்கில் கொடுத்துவிட்ட பணமும்.

இந்த எண்கள் எடுத்துக்காட்டே. உங்கள் வழித்தடத்துக்கு உங்கள் எண்களை இட்டுக்கொள்ளுங்கள். சங்கத்தில் தளவாடங்களுக்குத் தேய்மானம் ஒதுக்கவில்லை என்று நான் தணிக்கைக் குறிப்பு எழுதினால் சில செயலாளர்களுக்குக் கோபம் வருகிறது. அந்தக் கோபத்தின் பயனை இப்போது பாருங்கள்: தேய்மானம் எழுதாதவன் இல்லாத லாபத்தை இருப்பதாக எண்ணிச் செலவு செய்துவிடுகிறான்.

சரி, பாதி நேரம் ஓடினால் பாதி கிடைக்குமா? கிராமப் பார்சல் வேலையில் கிடைக்காது. இதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. 50 பார்சலுக்குப் பதில் 25 எடுத்தாலும் பெரம்பலூரிலிருந்து வேப்பந்தட்டைப் பக்கம் போய்த் திரும்பும் தூரம் பாதியாகச் சுருங்குவதில்லை. ஊருக்குள் தெருத் தெருவாகச் சுற்றுவதுதான் குறையும். 60 கிலோமீட்டர் ஆகிறதென்று வைத்தால், 350 ரூபாய் வரவில் பெட்ரோல் 135, தேய்மானம் 45, பழுது 25, கைபேசி 10 போக 135 ரூபாய் நிற்கிறது. நேரம் பாதி, வருமானம் மூன்றில் ஒரு பங்கைச் சற்றே தாண்டுகிறது. அந்த அரை நாளில் வயலில் களை எடுக்க ஆள் வைத்தால் அந்தக் கூலி இதைவிடக் கூடுதல்!

நகரத்தில் கணக்கு மாறுகிறது. பெரம்பலூரில் கல்லூரிகளும் மாணவர் விடுதிகளும் நிறைய. இரவு ஏழு மணியிலிருந்து பத்து மணி வரை சாப்பாடு கொண்டு கொடுக்கும் வேலைக்குத் தேவை குவிகிறது. தூரம் குறைவு. நடுப்பகலும் இரவும் தவிர மற்ற நேரங்களில் கடை வாசலில் நின்று கைபேசியைப் பார்த்துக்கொண்டிருப்பதே வேலை. ஆக அங்கே முழு நாள் நிற்பவன் காத்திருப்பதற்கும் சேர்த்துத் தன் பொழுதைக் கொடுக்கிறான். மூன்று மணி நேரம் மட்டும் வருபவன் நல்ல நேரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறான். பகுதி நேரம் லாபம் தருவது இங்கேதான். காத்திருக்கும் நேரமும் வேலை நேரமே என்று வாதாடிய வாடகைக் கார் ஓட்டுநர்களின் வழக்கில், செயலியைத் திறந்து சவாரிக்குத் தயாராக இருக்கும் நேரமும் வேலை நேரந்தான் என்று இங்கிலாந்தின் உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. நம் நாட்டில் அப்படி ஒரு தீர்ப்புக்கு எதிர்பார்த்துக் காத்திருப்பவன் அதுவரை தன் நேரத்தைத் தானே காத்துக்கொள்ள வேண்டும்.

‘பகுதி நேரம்’ என்றதும் எல்லோரும் நாளைப் பகுதி செய்கிறார்கள். மானாவாரி விவசாயி நாளை அன்று, வருஷத்தைப் பகுதி செய்ய வேண்டும் என்பது என் கருத்து. குன்னம், வேப்பந்தட்டை வட்டங்களில் ஆவணி, புரட்டாசியில் மக்காச்சோளமும் பருத்தியும் விதைத்தவனுக்குக் களையெடுப்பும் மேலுரமும் தப்பாமல் நடக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் சின்ன வெங்காயம் நடுகிறோம். மார்கழிப் பனியில் திருகல் நோயோ கோழிக்கால் நோயோ கண்டால் அன்றைக்கே மருந்தடிக்க வேண்டும். “மாலையில் வண்டி முடித்து வந்து பார்க்கிறேன்” என்று சொன்னால் நோய் காத்திருக்காது. தையில் வெங்காயம் பிடுங்கிக் காய வைத்துப் பட்டறை போட வேண்டும். பருத்தி எடுக்க வேண்டும். இத்தனையும் தாண்டி, பங்குனி முதல் ஆடி வரை மானாவாரி நிலம் சும்மா கிடக்கிறது. அந்த நான்கு மாதம் முழு நேரம் ஓடட்டும். பிறகு வண்டியை நிறுத்தட்டும். கிணற்றுப் பாசனத்தில் வைகாசிப் பட்டம் வெங்காயம் வைப்பவர்க்கு இந்த இடைவெளி இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவர் வண்டிப் பக்கம் போகாமலிருப்பதே நல்லது.

இதில் ஓர் இடைஞ்சல் உண்டு. இணைய வியாபார நிறுவனங்களின் பெருவிற்பனை புரட்டாசியிலும் தீபாவளியை ஒட்டியும் வருகிறது. பார்சல் குவிவதும், ஊக்கத்தொகை கூட்டித் தருவதும் அப்போதுதான். விதைப்பும் களையும் அப்போதே. தறியில் தீபாவளிச் சேலை முடிய வேண்டியதும் அப்போதே. வருஷத்தில் நம் கை மிகவும் தேவைப்படும் ஆறு வாரத்தை அவர்கள் கூடுதல் விலை கொடுத்துக் கேட்கிறார்கள். ஊக்கத்தொகைக்கு ஆசைப்பட்டு இரண்டு களையைத் தவறவிட்டவர் மக்காச்சோளத்தில் இழந்ததை எந்தச் செயலியும் ஈடு செய்யாது.

நெசவாளரின் நிலை வேறு. தறிக்குப் பருவ இடைவெளி இல்லை. வாரந்தோறும் கூலி ஓடினால்தான் அடுப்பு எரியும். தறி ஒருவர் தொழிலும் அன்று. நெய்பவர் எழுந்து போய்விட்டால் தார் சுற்றும் மனைவியின் கையும், பாவு பிணைக்கும் தாயின் கையும் அன்றே வேலையற்றுப் போகின்றன. டெலிவரி வருமானத்தைத் தறிக்கூலியோடு ஒப்பிடும்போது ஒருவருடைய வருமானத்தை ஒருவருடையதோடு ஒப்பிடுவது பிழை. வீட்டு வருமானத்தை வீட்டு வருமானத்தோடு ஒப்பிட வேண்டும். அப்படிப் பார்த்தும் வண்டியே மேலென்று கணக்குச் சொன்னால், பகலில் தறி, பொழுது சாய்ந்தபின் நகரத்தில் மூன்று மணி நேரம் என்பதே பொருத்தம். குழித்தறியில் எட்டு மணி நேரம் மிதித்த காலுக்கு இரவில் வண்டி ஓட்டும் தெம்பு எத்தனை நாள் இருக்கும் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. சங்கம் சங்கமாக மோட்டார் சைக்கிளில் அலையும் எனக்கே அறுபது கிலோமீட்டர் ஓடிய மாலையில் முதுகு சொல்லும் செய்தி தெரியும். வாரத்துக்கு நான்கு இரவுக்கு மேல் வேண்டாம் என்பேன்.

பார்சலுக்கு இவ்வளவு என்று எண்ணிக் கொடுக்கும் முறையில் புதுமை ஏதும் இல்லை என்பதையும் நெசவாளருக்கு நினைவூட்ட வேண்டும். கூட்டுறவு வருமுன் மாஸ்டர் வீவர் என்னும் பெருந்தனக்காரரிடம் நம் பாட்டனார் எப்படி நெய்தார்? நூல் அவருடையது, தறியும் வீடும் உழைப்பும் நம்முடையவை. சேலைக்கு இவ்வளவு என்று அவர் வைத்ததே கூலி. வேலை இல்லாத வாரம் நம் தலைமேல். முன்பணம் வாங்கியவன் வேறு இடத்தில் நெய்யவும் முடியாது. அந்தக் கட்டிலிருந்து விடுபடத்தான் ஊர்தோறும் சங்கம் கண்டோம்; 1935-ல் கோ-ஆப்டெக்ஸ் தோன்றியதும் அதற்காகவே. அன்றைய முன்பணத்தின் இடத்தில் இன்று வண்டித் தவணை வந்து நிற்கிறது. தவணைக்கு வண்டி எடுத்தவன் பகுதி நேரக்காரனாக இருக்க முடியாது. மாதம் 5-ஆம் தேதி அவனை முழு நேரக்காரனாக்கிவிடும். ஆகையால் பகுதி நேரம் என்று முடிவு செய்பவர் வீட்டில் ஏற்கெனவே உள்ள வண்டியில் தொடங்கட்டும். நகைக்கடன் எடுத்து வண்டி வாங்கவே வேண்டாம்.

பகுதி நேர விநியோகம் பற்றி நம் நாட்டிலேயே நீண்ட அனுபவம் உடைய இலாகா ஒன்று உண்டு. அதுதான் அஞ்சல் இலாகா. நம் கிராமத்துக்குத் தபால் கொண்டு வருபவர் பெரும்பாலும் முழு நேர அரசு ஊழியர் அல்லர். கிராம அஞ்சல் ஊழியர். முன்னாளில் இலாகாப் புறம்பு ஊழியர் என்று பெயர். நாளைக்கு நான்கு அல்லது ஐந்து மணி நேர வேலை. 2018 ஜூலை 1 முதல் நான்கு மணி நேரத்துக்கு மாதம் 10,000 ரூபாயும் ஐந்து மணி நேரத்துக்கு 12,000 ரூபாயும், அதற்கு மேல் அகவிலைப்படியும் தொடக்க ஊதியமாக வைத்தார்கள். அதுவும் அவ்வருஷம் மே, ஜூன் மாதங்களில் நாடெங்கும் வேலைநிறுத்தம் நடந்த பிறகே கிடைத்தது. அவர்கள் வகிப்பது சிவில் பதவியே என்று உச்ச நீதிமன்றம் 1977-ல் தீர்ப்பளித்திருந்தும், முழு நேர ஊழியருக்குரிய ஓய்வூதியம் அவர்களுக்கு இல்லை.

அவ்வேலையில் சேரும்போது ஒரு நிபந்தனை உண்டு: பிழைப்புக்கு வேறு வருமானம் எனக்கு இருக்கிறது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். இந்த நிபந்தனையைச் சிலர் கொடுமை என்பர். எனக்கு அதில் ஒரு நேர்மை தெரிகிறது. இந்தச் சம்பளத்தில் ஒரு குடும்பம் பிழைக்க முடியாது என்று இலாகாவே ஒப்புக்கொண்டு, நிலமோ கடையோ தறியோ உடையவரைத்தான் கேட்கிறது. இன்றைய செயலிகள் “உங்கள் விருப்பப்படி எப்போது வேண்டுமானாலும் வேலை செய்யலாம்” என்று விளம்பரம் செய்கின்றனவே அன்றி, வேறு பிழைப்பு இருக்கிறதா என்று ஒரு நாளும் கேட்பதில்லை. அவர்கள் கேட்காத கேள்வியை நாமே நம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

சட்டம் சிறிது நகர்ந்திருக்கிறது. அதை அங்கத்தினர்கள் அறிந்துகொள்வது நலம். நிதி ஆயோக் 2022-ல் வெளியிட்ட அறிக்கை, 2020-21-ல் இத்தகைய பணியாளர் நாட்டில் 77 லட்சம் பேர் என்றும், 2029-30-ல் 2.35 கோடி ஆவர் என்றும் மதிப்பிட்டது. தமிழ்நாட்டில் 1982-ஆம் வருஷத்து உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் இவர்களுக்கெனத் தனி நலவாரியம் 2023-ல் அமைந்தது. பதிவு செய்தவருள் 2,000 பேருக்கு மின்சார ஸ்கூட்டர் வாங்க 20,000 ரூபாய் மானியம் என்று 2025 மார்ச் மாத நிதிநிலை அறிக்கையில் அறிவித்தார்கள். மத்திய அரசின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் 2020-ல் இயற்றப்பெற்று 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்தது. நிறுவனங்கள் தம் ஆண்டு விற்றுமுதலில் ஒன்று முதல் இரண்டு சதவீதம் வரை, பணியாளருக்குக் கொடுக்கும் தொகையில் ஐந்து சதவீதத்துக்கு மேற்படாமல், நல நிதிக்குச் செலுத்த வேண்டும் என்பது அதன் ஏற்பாடு.

அதே ஆண்டு டிசம்பர் இறுதியில் வெளியான வரைவு விதிகள், முந்தைய நிதியாண்டில் ஒரே நிறுவனத்தில் 90 நாளோ, பல நிறுவனங்களில் சேர்த்து 120 நாளோ வேலை செய்தவர்க்கே பயன் என்று கூறின. வருமானம் ஈட்டிய எந்த நாளும் ஒரு நாள் என்பது அவ்வரைவின் கணக்கு. எத்தனை மணி நேரம் என்ற கேள்வி அதில் இல்லை. ஆக வாரத்துக்கு நான்கு இரவு, மூன்று மணி நேரம் ஓடும் நெசவாளர்க்கு வருஷத்தில் 200 நாள் தாண்டிவிடுகிறது. ஏப்ரல் முதல் ஜூலை வரை மாதம் 26 நாள் ஓடும் மானாவாரி விவசாயிக்கு 104 நாள். ஒரே நிறுவனத்தில் ஓடினால் அவரும் தேறுகிறார். இரண்டு மூன்று செயலிகளில் தாவித் தாவி ஓடினால் வரம்புக்குக் கீழே நின்றுவிடக்கூடும். பகுதி நேரக்காரருக்கு உரிமை இல்லை என்று யாரேனும் சொன்னால் நம்ப வேண்டாம். இ-ஷ்ரம் பதிவும் வாரியப் பதிவும் செய்துவைத்து, வந்த பணத்தின் வங்கிக் குறிப்பைப் பத்திரமாக வையுங்கள்.

பதிவைவிட அவசரமானது இன்ஷூரன்ஸ். சொந்த உபயோகத்துக்கென எடுத்த இரு சக்கர வண்டிப் பாலிசியைப் பிரித்துப் படித்துப் பாருங்கள். வாடகைக்கோ கூலிக்கோ ஓட்டுவதும், சரக்கு ஏற்றுவதும் அதில் விலக்கப்பட்டிருக்கும். பார்சல் மூட்டையோடு விழுந்தால் வண்டிச் சேதத்துக்குப் பணம் மறுக்க இதுவே போதும். உரிமையாளருக்கான 15 லட்ச ரூபாய் விபத்துக் காப்பு இருக்கிறதே என்பீர்கள். அது வண்டி யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கு. நம் பக்கத்தில் வண்டி தந்தை பெயரில் இருக்கும், ஓட்டுபவர் மகன்! அரியலூர்ச் சாலைகளில் சுண்ணாம்புக்கல் லாரிகளும் சிமெண்டு லாரிகளும் ஓடும் ஓட்டத்தை அறிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. நிறுவனம் தரும் விபத்துக் காப்பு செயலி திறந்திருக்கும் நேரத்துக்கு மட்டுமா, எத்தனை பார்சலுக்குப் பிறகு தொடங்குகிறது என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நான்கு சக்கரச் சிறு சரக்கு வண்டி, நாம் ‘குட்டி யானை’ என்பது, ஓட்ட நினைப்பவர்க்கு ஒரு நல்ல செய்தி: 7,500 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டிக்கு இலகு ரக வாகன லைசென்ஸே போதும் என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் தெளிவாக்கிவிட்டது.

முழு நேரமாகப் போகிறவர் விட்டுச் செல்வது இன்னதென்றும் எழுதிப் பார்க்க வேண்டும். 1975-ல் தொடங்கிய சேமிப்பு மற்றும் பாதுகாப்புத் திட்டத்தில் நெசவாளர் கூலியில் ரூபாய்க்கு 8 பைசா செலுத்தினால் அரசு 4 பைசா சேர்க்கிறது. கூலி நின்றால் இரண்டும் நிற்கும். கைத்தறி வீட்டுக்கு 2023-ல் இரு மாதத்துக்கு 300 யூனிட்டாக உயர்த்தப்பட்ட இலவச மின்சாரம் தறி ஓடும் வீட்டுக்கே. உரிய தேதியில் திருப்பிச் செலுத்தினால் வட்டி இல்லை என்னும் கூட்டுறவுப் பயிர்க்கடன், பயிர் செய்பவருக்கே. நிலத்தை ஒத்திக்கு விட்டவருக்கு அது கிடையாது. மேலே கண்ட 375 ரூபாயிலிருந்து இவற்றையும் கழித்தபின் மிஞ்சுவதுதான் முழு நேரத்தின் உண்மை விலை.

இதுவரை அங்கத்தினர்களுக்குச் சொன்னேன். நிர்வாகக் குழுவினருக்கும் சிறிது சொல்ல வேண்டும். அவர்களுக்கு இது இனிக்காது. மாலையில் வண்டி ஓட்டும் அங்கத்தினரைத் துரோகி போலப் பார்க்கும் வழக்கம் சில சங்கங்களில் இருக்கிறது. “அவன் பார்சல்காரன், அவனுக்கு ஏன் நூல்?” என்று ஒரு குழுவில் பேசியதை என் காதாலேயே கேட்டேன். தொழில் செய்பவரே அங்கத்தினராக இருக்க வேண்டும் என்பது துணைவிதியின் நோக்கம். சரிதான். வாரத்தில் நாலு பகல் தறியில் அமர்பவர் தொழில் செய்பவர் இல்லையா? அவரை வெளியே தள்ளினால் அவர் முழு நேர வண்டிக்காரர் ஆவார், தறி விறகாகும், சங்கத்தின் உற்பத்திக் கணக்கில் ஒரு தறி குறையும். கூலி தாமதமாவதற்குக் குழுவும் ஒரு காரணம் என்னும்போது, அந்தத் தாமதத்தைத் தாங்கிக்கொள்ள மாலையில் உழைப்பவரைத் தண்டிப்பதில் என்ன நியாயம் இருக்கிறது? பாவு முடிக்கக் கெடுவைச் சற்று நீட்டிக் கொடுப்பதால் சங்கம் கெட்டுப்போகாது. சேலை வந்த வாரமே கூலி என்று தீர்மானம் போட்டு அதைக் காப்பாற்றினால் பாதிப் பேர் வண்டிப் பக்கமே போகமாட்டார்கள் என்பது என் நம்பிக்கை.

சங்கமே டெலிவரி வேலை எடுத்து நடத்தலாமே என்று ஒருவர் கேட்டார். டெல்லியில் 2025 டிசம்பரில் கூட்டுறவு முறையில் ‘பாரத் டாக்சி’ சோதனை ஓட்டம் தொடங்கியது; ஓட்டுநர்களே அங்கத்தினர்கள். நல்ல முயற்சி. ஆயினும் லாரி வாங்கி, டயர் மாற்றப் பணமின்றிக் கொட்டகையில் நிறுத்திய சங்கங்களின் ஏடுகளையும் நான் பார்த்தவன். முதலில் சங்கத்துச் சேலைகளையும் செட்டிகுளத்து வெங்காயத்தையும் நகர வீடுகளுக்குக் கொண்டு கொடுக்க, இப்போதே மாலை வண்டி ஓட்டும் நம் அங்கத்தினர் இருவரை எண்ணிக் கூலிக்கு அமர்த்திப் பார்க்கலாம். வண்டி வாங்குவது பிறகு.

ஆடியில் என்னைச் சந்தித்த இளைஞர் தை பிறந்ததும் நோட்டுப் புத்தகத்தோடு வந்தார். பென்சிலில் ஒழுங்காக எழுதியிருந்தார். கார்த்திகை மழையில் ஒன்பது நாள் ஓட்டவில்லை. இரண்டு டயர், ஒரு செயின், ஒரு முறை கீழே விழுந்து மருத்துவச் செலவு. நான் போட்டுக் காட்டிய 375-ஐயும் அவருடைய சராசரி எட்டவில்லை. பங்குத் தொகை மனு எழுதப்படவில்லை. இரவு நேரம் மட்டும் ஓட்டுவதென்று முடிவு செய்து, பாவு முடிக்க ஒன்றரை மடங்குக் கெடு கேட்டுச் சங்கத்துக்கு வேறொரு மனு கொடுத்திருக்கிறார். வரும் குழுக் கூட்டத்தின் பொருள் நிரலில் அது ஏழாவதாக இருக்கிறது.